நெடுஞ்சாலை வேகத்தில் பழைய காரின் சக்கர அதிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகருக்குள் அமைதியாக ஓடும் பழைய கார், நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் உதறத் தொடங்குவது மிகப் பரவலான குறை. அதற்காக பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவது), அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைத் திருத்துவது), டிஸ்க், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாகச் செலவழித்துவிட்டு, கடைசியில் அதே நடுக்கத்தோடு காரை ஓட்டுபவர்கள் பலர். அதிர்வு எப்போது வருகிறது, எங்கே தெரிகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்ற மூன்றையும் முதலில் கவனித்தால், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பாதிக் காரணங்களை விலக்கிவிடலாம்.

80 கி.மீ. வரை ஒன்றும் தெரிவதில்லை. 90-லிருந்து 110 வரை ஸ்டீயரிங் நடுங்குகிறது. அதற்கு மேல் குறைந்துவிடுகிறது. இது ஏன்?

சக்கரத்தில் எடைச் சமநிலை தவறியிருப்பதன் அடையாளம் இதுவே. ஏறத்தாழ 60 செ.மீ. விட்டமுள்ள டயர், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும். அந்த விசையின் திசையும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதால், நொடிக்கு 15 முறை சக்கரம் முன்னும் பின்னும், மேலும் கீழும் இழுபடுகிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே 50 கி.மீ. வேகத்தில் அதே 20 கிராம் முக்கால் கிலோ அளவுக்கே இழுக்கும். அதை நீங்கள் உணரவே மாட்டீர்கள்.

அப்படியானால் வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடிக்கொண்டே போக வேண்டாமா என்று கேட்கலாம். சக்கரம், ஹப் (சக்கரம் பொருத்தப்படும் மையப் பாகம்), பிரேக் ஆகியவை சேர்ந்த தொகுதி, சஸ்பென்ஷனில் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு) தொங்கியபடி இயல்பாக அதிரும் வீதம் ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 முறை வரை இருக்கும். சக்கரம் சுற்றும் வீதமும் இந்த இயல்பான வீதமும் ஒன்றிப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்தை அடைகிறது. அதைத் தாண்டியதும் தணிந்ததுபோல் தோன்றுகிறது. குறை அங்கேயேதான் இருக்கிறது. வேகமாக ஓட்டினால் நடுக்கம் இல்லை என்று அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரிங்கும் (சக்கரம் சுழலத் தாங்கும் பாகம்) பால் ஜாயின்ட்டும் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) அந்த வேகத்தில் இன்னும் அதிகமான விசையைத்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

ஸ்டீயரிங்கில் தெரியும் நடுக்கமும் இருக்கையில் தெரியும் நடுக்கமும் வேறு வேறா?

பெரும்பாலும் வேறுதான். ஸ்டீயரிங் இடவலமாகத் துடித்தால் முன்சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். ஆனால் சஸ்பென்ஷன் ரப்பர்கள் தேய்ந்த காரில் பின்சக்கரத்தின் அதிர்வு உடல் கூட்டின் வழியாக ஸ்டீயரிங் வரைக்கும் வந்து சேரும் என்பதால், இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் முதல் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் நானே எவற்றைச் சோதிக்கலாம்?

முதலில் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைக் கார்த் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். சக்கரத்தின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்வளைவில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒரு பிடி சேறு 20 கிராமைவிட மிக அதிகம். அதைச் சுரண்டிக் கழுவியதும் நடுக்கம் முழுவதும் நின்றுபோவது உண்டு.

பிறகு, போக்குவரத்துக் குறைந்த, சமதளமான, நேரான சாலையில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் வரும் வேகத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சினின் சுற்று வேகம் மாறியும் நடுக்கம் மாறவில்லை என்றால் எஞ்சினும் கிளட்ச்சும் காரணமில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம். அடுத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து காரை அதன் போக்கில் உருளவிடுங்கள். கால் எடுத்த கணமே நடுக்கம் நின்றால், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் பக்கம் பார்க்க வேண்டும். எந்தச் சோதனைக்காகவும் ஓடும் காரின் எஞ்சினை அணைக்கக் கூடாது. பவர் ஸ்டீயரிங்கின் உதவி போய்விடும், பிரேக்கின் பூஸ்டர் உதவியும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும், சாவி முழுவதும் திரும்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாவது சோதனையைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகம் நம்புகிறேன்: முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இடம் மாற்றிப் பொருத்துவது. மாற்றிய பின் ஸ்டீயரிங்கிலிருந்த நடுக்கம் இருக்கைக்குப் போய்விட்டால், குறை சக்கரத்திலோ டயரிலோ இருக்கிறது. நடுக்கம் இருந்த இடத்திலேயே இருந்தால் ஹப், டிஸ்க், பேரிங், சஸ்பென்ஷன் என்று காரோடு நிலையாக இருக்கும் பாகங்களைப் பார்க்க வேண்டும். சுழலும் திசை குறிக்கப்பட்ட டயர்களை அதே பக்கத்துக்குள்ளேயே முன்பின்னாக மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் உள்ள கார்களில் இந்தச் சோதனை செல்லாது. ஸ்டெப்னி மற்ற நான்கைப் போன்ற முழு அளவுச் சக்கரமாக இருந்தால், அதை ஒவ்வொரு மூலையிலும் மாற்றி மாற்றிப் பொருத்தி, குறையுள்ள ஒரே சக்கரத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பொதுவாக அதன் வேக வரம்பு 80 கி.மீ. தான்.

பேலன்சிங் செய்தேன், இயந்திரம் பூஜ்யம் காட்டியது. ஆனாலும் நடுக்கம் போகவில்லை. இனி என்ன செய்வது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இயந்திரம் பூஜ்யம் காட்டுவதற்கு ஒரே பொருள்தான் உண்டு: சக்கரம் அந்த இயந்திரத்தில், அந்த முறையில், சுமையின்றிப் பொருத்தப்பட்டிருந்தபோது எடை சமமாக இருந்தது. காரில் பொருத்திய பிறகும் அப்படியே இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

இயந்திரத்திலேயே தவறு நேரலாம். ரிம்மின் விட்டம், அகலம், இயந்திரத்திலிருந்து அதன் தொலைவு ஆகிய மூன்றையும் சரியாகப் பதிவுசெய்யாவிட்டால் காட்டப்படும் எடை தவறாகும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கூம்பு மையத் துளையில் சரியாக அமரவில்லை என்றால், சக்கரமே மையம் விலகிச் சுற்றும். இதை அறிய எளிய வழி உண்டு. பூஜ்யம் வந்த பிறகு, பிடியைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச்சுற்றுத் திருப்பி, மீண்டும் இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். அளவு 5 அல்லது 10 கிராமுக்குள் இருந்தால் நல்லது. 25, 30 என்று தாவினால் முதலில் காட்டிய பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. இப்படிக் கேட்பது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்; ஆனாலும் கேளுங்கள். வேலையை அறிந்தவர் மறுக்க மாட்டார்.

அடுத்து, சக்கரம் காரில் அமரும் இடம். பழைய கார்களில் ஹப்பின் முகப்பிலும், மையத் துளையைச் சுற்றியும் துரு செதிலாகத் தடித்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி அந்த முகப்பை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் சக்கரம் அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கவே முடியாது. கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை இரு முகப்புகளையும் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், முதலில் கையாலும் பின்பு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனராலும் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் ஒரு நட்டை முழுவதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம், புத்தம்புதிய சக்கரத்தைக்கூடச் சாய்த்துப் பொருத்திவிடும்.

பின்னாளில் வாங்கிப் போட்ட அலாய் வீல்கள் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல கார்களுக்கும் பொருந்தும்படி அவற்றின் மையத் துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் இல்லாமலோ உடைந்தோ இருந்தால், சக்கரத்தின் மையத்தை நட்டுகள் மட்டுமே தீர்மானிக்கும். சிறிதளவு மையம் விலகினாலும் நெடுஞ்சாலையில் தெரிந்துவிடும். நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ரிம்மின் துளையோடு ஒத்துப்போக வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால், எடை சமமாக இருந்தும் வட்டம் சரியில்லாத சக்கரம் உங்களிடம் இருக்கிறது. முட்டை வடிவான ஒரு சக்கரத்தையும் எடை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும்; சாலையில் அது குதிக்கத்தான் செய்யும். காரை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, டயருக்கு மிக அருகில் அசையாதபடி ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பென்சில் முனைக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி விரிந்து சுருங்குவது கண்ணுக்கே தெரியும். முதலில் டயரின் மேற்பரப்பிலும், பிறகு ரிம்மின் விளிம்பிலும் இப்படிப் பாருங்கள். டயரில் ஒன்றரை மில்லிமீட்டரும் ரிம்மில் ஒரு மில்லிமீட்டரும் தாண்டினால் அந்தச் சக்கரத்தைச் சரியென்று விட்டுவிட முடியாது. ரிம் நேராக இருந்து டயர் மட்டும் வட்டம் தவறியிருந்தால், டயரை ரிம்மின்மேல் அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டாலே பல நேரங்களில் குறை பாதியாகக் குறையும். உருளையை டயரின்மேல் அழுத்தி, சுமையோடு அளக்கும் ரோடு ஃபோர்ஸ் பேலன்சிங் இயந்திரம் கிடைத்தால் இந்த வேலை இன்னும் துல்லியமாக நடக்கும்.

வீல் அலைன்மென்ட் செய்தால் நடுக்கம் போகுமா?

போகாது. அலைன்மென்ட் தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அப்படிக் கோணலாகத் தேய்ந்த டயர் பின்னாளில் அதிரலாம். ஆனால் தேய்ந்த டயரைக் கோணத்தைத் திருத்தி வட்டமாக்க முடியாது.

டயர்தான் காரணம் என்பதை எப்படி அறிவது?

கையால் தடவிப் பாருங்கள். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவிவிட்டு, எதிர்த் திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம்போலக் கையை அறுப்பதாகவும் இருந்தால் சக்கரக் கோணத் தவறு. சுற்றளவு முழுவதும் விட்டுவிட்டுப் பள்ளமும் மேடுமாக இருந்தால், ஷாக் அப்சார்பர் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைக்கவில்லை. மேற்பரப்பில் ஓரிடம் மட்டும் புடைத்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பூ வரிசை (தரையைத் தொடும் பரப்பிலுள்ள பள்ளமேட்டு வடிவம்) வளைந்திருந்தாலோ உள்ளிருக்கும் எஃகுப் பட்டை பிரிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அத்தகைய டயர் 30 கி.மீ. வேகத்திலேயே காரின் முகப்பை மெல்ல இடவலமாக ஆட்டும். பேலன்சிங் குறை அந்த வேகத்தில் தெரியாது. ஆகவே மெதுவாகப் போகும்போதே ஆட்டம் தெரிந்தால் அந்த டயரை உடனே மாற்றிவிடுங்கள், நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

பூ நிறைய இருக்கிறது என்பதால் டயர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதன் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற குறியீட்டின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. குறைவாக ஓடும் பழைய கார்களில் பூ தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டிப்பட்டுவிடுகிறது. 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், 10 ஆண்டைத் தாண்டிய டயரை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், கழற்றிவிடுவதும் முறை.

பல மாதம் நிறுத்தி வைத்திருந்த கார் உதறுகிறது. தானாகச் சரியாகுமா?

சில வாரங்கள் நின்றதால் டயரில் விழுந்த தட்டை, 20 அல்லது 30 நிமிட ஓட்டத்தில் ரப்பர் சூடேறியதும் பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் அது நிலைத்துவிட்ட தட்டை; டயரை மாற்ற வேண்டியதுதான்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் டிஸ்க் உண்மையில் வளைவது அரிது. அதன் தடிமன் சுற்றளவு முழுவதும் ஒரே சீராக இல்லாமல் போவதே வழக்கமான காரணம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வேறுபாடுகூடப் பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் துடிப்பாகத் தெரியும். துருவின்மேல் சாய்வாக அமர்ந்த டிஸ்க், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பேடை உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். ஹப்பின் முகப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கைப் போட்டால், அதே குறை அதே கால அளவில் திரும்பி வருவது இதனால்தான். பிரேக் போடாதபோதும் நடுக்கம் இருந்தால் டிஸ்க்கை இப்போதைக்கு விட்டுவிட்டுச் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே விதிவிலக்கு, நெடுந்தூரம் ஓடியபின் ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது. அது பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கேலிப்பர் சிக்கியிருப்பதன் அடையாளம்.

வேகம் கூட்டும்போது மட்டும் கார் இடவலமாக உலுக்குகிறது. காரணம் என்ன?

முன்சக்கர இயக்கக் காரில், டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை ஜாயின்ட் தேய்ந்திருக்கும். சுமை ஏறும்போது உலுக்கி, காலை எடுத்ததும் நின்றுவிடுவது அதன் இயல்பு. வெளிமுனை ஜாயின்ட் கெட்டால், வண்டியைத் திருப்பும்போது டக் டக் என்ற ஒலி வரும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள்.

பின்சக்கர இயக்கக் காரில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும், அதன் கிராஸ் ஜாயின்ட்டுகளும், நடுப் பேரிங்கும் சேர்ந்துகொள்கின்றன. இந்த ஷாஃப்ட் சக்கரத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால், அதன் குறை உதறலாக இல்லாமல், தரையிலும் இருக்கையிலும் நுண்ணிய ரீங்காரமாகத் தெரியும்.

அதிர்வோடு ஓர் இரைச்சலும் கேட்கிறது. பேரிங்காக இருக்குமா?

வேகத்தோடு சுருதி ஏறும் இரைச்சல் என்றால் இருக்கலாம். விரைவுச் சாலையின் மென்மையான வளைவில் கவனியுங்கள்: இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கப் பேரிங்கின் மேல் சுமை ஏறும், அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கம்தான் சந்தேகத்துக்குரியது. பின் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது சஸ்பென்ஷனின் வேறொரு மூட்டு. இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையான டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும்.

கார் பழையது, புஷ்கள் (சஸ்பென்ஷன் மூட்டுகளின் ரப்பர்கள்) எல்லாம் தேய்ந்துவிட்டன, அவற்றை மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இங்கே அதிர்வை உண்டாக்குவது எது, அதைப் பெரிதாக்கிக் காட்டுவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பரும் தாமாகச் சுற்றுவதில்லை. ஆகவே சீரான சாலையில் நொடிக்கு 15 முறை வரும் நடுக்கத்தை அவை பிறப்பிக்க முடியாது. சுற்றும் ஒரு பொருள் பிறப்பித்ததை அவை விழுங்காமல் விட்டுவிடுகின்றன. புதிய கார் 10 கிராம் குறையை ஓட்டுநருக்குத் தெரியாமல் அடக்கிவிடும். தேய்ந்த ரப்பர்கள் உள்ள காரில் அதே 10 கிராம் கைக்கு வந்து சேரும். பழைய காரில் 'எப்படி பேலன்ஸ் செய்தாலும் கொஞ்சம் மீதி இருக்கிறது' என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

எனவே என் கருத்தில் வரிசை இதுதான்: முதலில் சக்கரமும் டயரும் ஹப்பும், பிறகு ரப்பர்கள். புஷ்களை முதலில் மாற்றினால் நடுக்கம் அடங்கியதுபோல் தோன்றும். மூலக் குறை உள்ளே இருந்து புது ரப்பரையும் தின்னும். ஆனால் பால் ஜாயின்ட்டிலோ டை ராட் எண்டிலோ கையால் உணரும் ஆட்டம் இருந்தால், அது நடுக்கத்தின் காரணமோ இல்லையோ, அன்றே மாற்ற வேண்டிய பொருள். அதில் வரிசை பார்க்கக் கூடாது.

எந்த அறிகுறி கண்டால் ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும்?

நடுக்கம் திடீரென்று தோன்றி சில நிமிடங்களிலேயே வலுத்தால், கடகடவென்ற ஒலியோடு வந்தால், அல்லது சக்கரம் ஒன்றைச் சமீபத்தில் கழற்றி மாட்டிய பின் தொடங்கியிருந்தால், பாதுகாப்பாக ஓரம் கட்டி நட்டுகளையும் நான்கு டயர்களையும் பாருங்கள். தளர்ந்த நட்டு, புடைத்த டயர், உடைந்த போல்ட் இவற்றில் எது தெரிந்தாலும் அந்தச் சக்கரத்தோடு காரை நகர்த்த வேண்டாம்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

'வண்டி ஆடுகிறது, பார்த்துச் சொல்லுங்கள்' என்றால் அவரும் ஊகத்தில்தான் தொடங்குவார். '90 கி.மீ. வேகத்தில் தொடங்கி 110-இல் குறைகிறது, ஸ்டீயரிங்கில் தெரிகிறது, கியர் மாற்றினாலும் பிரேக் மிதித்தாலும் மாறவில்லை, முன்பின் சக்கரங்களை மாற்றியதும் இருக்கைக்குப் போய்விட்டது' என்று சொல்லுங்கள். அவர் நேராக இரண்டு சக்கரங்களை எடுத்துக்கொண்டு இயந்திரத்துக்குப் போவார். முடிந்தால் அவரை அருகில் உட்கார வைத்து அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்.

சரியாகிவிட்டது என்பதை எப்படி உறுதி செய்வது?

முன்பு நடுக்கம் வந்த அதே சாலையில், அதே வேகத்தில், அதே காற்றழுத்தத்தோடு ஓட்டிப் பாருங்கள். வேறு சாலையில் கிடைக்கும் நிம்மதி சாலையின் தன்மையாலும் வரலாம். சக்கரங்களைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபார்க்க வேண்டும். சில மாதம் கழித்து நடுக்கம் திடீரென்று திரும்பினால் முதலில் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். அழுக்கேறிய உலோகத்தில் நீள்சதுரமாக ஓரிடம் மட்டும் சுத்தமாக, பசையின் தடத்தோடு தெரிந்தால், அங்கே ஒட்டியிருந்த எடை விழுந்துவிட்டது. அந்த ஒரு சக்கரத்தை மட்டும் மறுபடி பேலன்ஸ் செய்தால் போதும்.